படங்களால் பாடம் புகட்டிய பேராசான்

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியச் சிறுவர்களுக்குப் பள்ளிக்கூடம் என்றாலே அச்சம். அறிஞர்கள் பேசிய மொழி இலத்தீன்; நூல்கள் எழுதப்பட்ட மொழியும் பெரும்பாலும் அதுவே. ஆதலின் ஏழெட்டு வயதுப் பாலகனும் தன் தாய்மொழியை வாயிலுக்கு வெளியே விட்டுவிட்டு, இலத்தீன் இலக்கண விதிகளை இலத்தீனிலேயே நெட்டுருச் செய்ய வேண்டியிருந்தது. விதியின் பொருள் அவனுக்கு விளங்காது. அவ்விதிக்கு எடுத்துக்காட்டாக வந்த சொல் எப்பொருளைக் குறிக்கின்றது என்பதும் விளங்காது. ஆசிரியர் கையிலிருந்த பிரம்பு ஒன்றுதான் நன்றாக விளங்கிற்று. இவ்வாறு பத்தாண்டுகள் பயின்றும் பிழையின்றி ஒரு பக்கம் எழுத இயலாதவர் பலர். இந்நிலையை மாற்றுவதற்கு முயன்றவர்களுள் தலைசிறந்தவர் கொமீனியஸ் என்னும் பெரியார்.

இன்றைய செக் குடியரசின் கீழ்ப்பகுதி மொரேவியா எனப்படும். அந்நாட்டில் 1592-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 28-ஆம் நாள் கொமீனியஸ் பிறந்தார். யான் ஆமோஸ் கொமென்ஸ்கி என்பது அவரது தாய்மொழிப் பெயர். கொமீனியஸ் என்பது அதன் இலத்தீன் வடிவம். அவர் குடும்பத்தார் 'சகோதரர் ஒன்றியம்' என்ற சிறிய கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். அவர்கள் எளிய வாழ்வினர். தாய்மொழியில் எழுத்தறிவு ஊட்டுவதைக் கடமையாகக் கொண்டவர்கள். விவிலியத்தைச் செக் மொழியில் அழகுற ஆக்கி அச்சிட்டவர்கள்.

பத்து வயதளவில் தந்தையை இழந்த சிறுவன், பன்னிரண்டு வயது நிரம்புமுன் தாயையும் உடன்பிறந்தார் சிலரையும் இழந்தான். அத்தை வீட்டில் அடைக்கலம் புகுந்தான். அவ்வூரும் 1605-இல் படையெடுப்பில் தீக்கிரையாயிற்று. அவன் கல்வியில் கருத்துச் செலுத்துவார் எவருமிலர். ஆதலின் பிரெரோவ் என்னும் ஊரிலிருந்த இலத்தீன் பள்ளியில் அவன் சேர்ந்தபோது வயது பதினாறு. தன்னினும் மிக இளைய சிறுவர்களோடு ஒரே பலகையில் அமர்ந்து அவன் பாடம் கேட்டான். இத்தாழ்வும் ஒரு வகையில் நன்மையாகவே முடிந்தது. சிறு குழந்தை தனக்கு ஏன் பாடம் விளங்கவில்லை என்று எண்ணிப் பார்க்க இயலாது. தன்னை மடையன் என்று கருதிக்கொள்ளும். பதினாறு வயது இளைஞனோ குறை தன் அறிவில் இல்லை, கற்பிக்கும் முறையில் உள்ளது என்பதைக் கண்டுகொண்டான்.

1611-இல் மேற்படிப்புக்காகச் செருமானிய நாட்டிலுள்ள ஹெர்போர்ன் நகருக்கு அவர் அனுப்பப்பட்டார். அங்கே ஆல்ஸ்டெட் என்னும் இளம் பேராசிரியர் அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தார். உலகத்து அறிவு முழுவதையும் வகைப்படுத்தித் தொகுக்க வேண்டும் என்பது ஆல்ஸ்டெட்டின் பேரவா. ஹெர்போர்ன் கல்லூரியில் வழங்கிய ஒரு கற்பிப்பு முறையை இங்கே அறிந்துகொள்வது நலம். பிரெஞ்சு அறிஞர் ராமஸ் என்பாரின் வழியைப் பின்பற்றிய அவர்கள், எப்பாடத்தையும் முதலில் ஒரு படமாக வரைந்து காட்டினர். தாளின் இடப்புறத்தில் பாடத்தின் பெயரை எழுதுவர். அதிலிருந்து ஓர் அடைப்புக்கோடு கிளைக்கும். அதன் முனைகளில் பாடத்தின் பெரும்பிரிவுகள் இரண்டு நிற்கும். அவை ஒவ்வொன்றினின்றும் மேலும் இவ்விரண்டு கிளைகள் தோன்றும். இவ்வாறு வலப்புறம் செல்லச் செல்ல, மரம் கிளைத்துச் சிலிர்ப்பது போலப் பாடம் விரியும். நூறு பக்கத்துச் செய்தி ஒரு பக்கத்தில் கண்முன் நிற்கும். எது பெரிது, எது சிறிது, எது எதனுள் அடங்கும் என்பதை மாணவன் ஒரு பார்வையில் உணர்வான். இன்று ஆசிரியர்கள் கட்டுரை எழுதப் பழக்கும்போது கரும்பலகையில் வரையும் கிளைப்படம் இம்முறையின் வழித்தோன்றலே. முழுமையை முதலிற் காட்டி, பின் உறுப்புக்களைக் காட்டும் இம்முறை கொமீனியஸின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அங்கிருந்தபோதே, தம் தாய்மொழிச் சொற்களையெல்லாம் திரட்டி ஒரு பேரகராதி ஆக்கும் பணியையும் அவர் தொடங்கினார்.

பின்னர் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் சிறிது காலம் பயின்றார். கோபர்னிகஸ் தம் கையால் எழுதிய வானநூற் சுவடி அங்கே விலைக்கு வந்தது. கொமீனியஸ் அதனை வாங்கினார். கையிருப்பு மிகக் குறைந்துவிட்டமையால் பிராக் நகர் வரையில் கால்நடையாகவே திரும்பினார்.

1614-இல், தாம் பயின்ற பிரெரோவ் பள்ளியிலேயே ஆசிரியரானார். இலத்தீன் இலக்கணத்தை எளிமைப்படுத்திச் சிறு நூல் ஒன்றும் எழுதினார். சில ஆண்டுகளில் சமய குருவாகி, 1618-இல் புல்னெக் என்னும் சிற்றூருக்குச் சென்றார். திருமணமும் ஆயிற்று. குருவாகவும் ஆசிரியராகவும் அங்கே அவர் வாழ்ந்த மூன்று ஆண்டுகளே அவர் வாழ்நாளில் அமைதி நிலவிய காலம் எனலாம்.

புல்னெக்கில் அவர் அடியெடுத்து வைத்த அதே ஆண்டில், ஐரோப்பாவை முப்பது ஆண்டுகள் அலைக்கழித்த பெரும்போர் தொடங்கிற்று. 1620-இல் பிராக் நகருக்கு அருகே வெண்குன்றம் என்ற இடத்தில் நடந்த போரில் செக் மக்கள் தோற்றனர். மறு ஆண்டில் படைவீரர் புல்னெக்கைச் சூறையாடினர். குருமார்கள் தேடப்பட்டனர். கொமீனியஸ் மனைவி மக்களைப் பிரிந்து காடுகளிலும் நண்பர் இல்லங்களிலும் ஒளிந்து வாழ்ந்தார். அவர் மறைந்திருந்த காலத்தில் கொள்ளைநோய் பரவியது. 1622-இல் மனைவியும் இரு குழந்தைகளும் மாண்டனர். அடுத்த ஆண்டு அவர் புல்னெக்கில் விட்டுவந்த நூல்களெல்லாம் ஊர்ச் சதுக்கத்தில் எரிக்கப்பட்டன.

ஒளிந்திருந்த காலத்திலும் அவர் கை ஓயவில்லை. மனத்துயரை ஆற்றிக்கொள்ளச் செக் மொழியில் நூல்கள் எழுதினார். தாம் நடந்து திரிந்த மொரேவிய நாட்டின் மலை, ஆறு, ஊர் அனைத்தையும் குறித்து ஒரு நிலப்படமும் வரைந்தார். 1627-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான அப்படம் பல்லாண்டுகள் பயன்பட்டது. சொல்லால் உரைப்பதை வரைந்தும் காட்ட வேண்டும் என்பது அவரது இயல்பாகவே இருந்தது போலும்.

1628-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பனி மூடிய மலைகளைக் கடந்து, சகோதரர் ஒன்றியத்தாருடன் கொமீனியஸ் போலந்து நாட்டிற்குள் புகுந்தார். மீண்டும் தாய்நாட்டில் வாழும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. லெஷ்னோ என்னும் நகர் அவர்களுக்குப் புகலிடம் அளித்தது. அங்குள்ள பள்ளியில் அவர் ஆசிரியரானார். இன்றோ நாளையோ தாயகம் திரும்புவோம், திரும்பியவுடன் அழிந்த நாட்டைப் பள்ளிகளால் எழுப்புவோம் என்று நம்பிய அவர், அதற்கு வேண்டும் திட்டத்தை முதலில் செக் மொழியிலும் பின்னர் இலத்தீனிலும் எழுதினார். 'பெரும் பயிற்றியல்' எனத் தமிழில் கூறத்தக்க நூல் அது.

ஆண், பெண், செல்வர், வறியர் என்ற வேறுபாடின்றி எல்லாக் குழந்தைகளும் பள்ளிக்கு வரவேண்டும் என்று அந்நூல் வற்புறுத்தியது. அக்காலத்தில் இக்கருத்தே ஒரு புரட்சி. கற்பிக்கும் முறை பற்றி அதில் அவர் கூறியவை அதனினும் நுட்பமானவை. பொருளைக் காட்டிய பின்னரே சொல்லைக் கூற வேண்டும். எளியதினின்று அரியதற்குச் செல்ல வேண்டும். படிப்பையும் எழுத்தையும் தனித்தனியே பிரிக்காது இணைத்துப் பயிற்ற வேண்டும். எழுத்தை எழுதிப் பார்க்கும் குழந்தை அதனை விரும்பிப் படிக்கும். வகுப்பறையின் சுவர்கள் வெறுமையாக இருத்தல் ஆகாது. அந்த வகுப்பில் படிக்கப்படும் நூல்களின் சாரத்தைப் படங்களாகவும் வரைபடங்களாகவும் விதிகளாகவும் சுவர்களில் தீட்டி வைக்கவேண்டும். அங்குமிங்கும் திரும்பும் மாணவனின் கண் எங்கே விழுந்தாலும் பாடத்தின் மீதே விழும். குழந்தையின் கண்ணை அடக்க முயல்வதினும் அதற்கு வேலை கொடுப்பது நன்று என்பதை அவர் அறிந்திருந்தார்.

1631-இல் 'திறந்த மொழிவாயில்' என்ற பொருள்படும் இலத்தீன் பாடநூலை வெளியிட்டார். அந்நூலில் ஏறத்தாழ 8,000 சொற்கள், 1,000 தொடர்களில், 100 தலைப்புக்களின்கீழ் அமைந்திருந்தன. நெருப்பு, நீர், மரம், உடல், வீடு, தொழில் எனத் தலைப்புக்கள் உலகத்தின் ஒழுங்கைத் தழுவி நின்றன. மொழியைக் கற்கும்போதே உலகையும் கற்கலாம். அறிஞர் உலகம் இந்நூலை வியந்து வரவேற்றது. பன்னிரண்டுக்கு மேற்பட்ட மொழிகளில் அது ஆக்கப்பட்டது. ஆசிய மொழிகளிலும் அதன் பெயர்ப்புக்கள் தோன்றின. சிறுவர்க்கு அந்நூல் கடினமாக இருப்பதைக் கண்டு, வாயிலுக்கு முன்னுள்ள 'முகமண்டபம்' என்ற பெயரில் சிறிய நூல் ஒன்றையும் 1633-இல் இயற்றினார். எனினும் அவர் உள்ளம் நிறைவடையவில்லை. சொற்கள் ஒழுங்குபட நின்றன; ஆனால் சொல் சுட்டும் பொருள் குழந்தையின் கண்முன் இல்லையே! நெசவுத்தறியைக் காணாத சிறுவனுக்குத் தறியின் உறுப்புக்கள் பத்தின் பெயரைச் சொன்னால், பழைய நெட்டுருதானே மீண்டும் தலைதூக்கும்? இக்குறை அவரை இருபது ஆண்டுகள் விடாது தொடர்ந்தது.

இதற்கிடையில் அவர் புகழ் பல நாடுகளில் பரவிற்று. 1641-இல் நண்பர்களின் அழைப்பை ஏற்று இலண்டன் சென்றார். அங்கே பேரறிஞர் கழகம் ஒன்றை நிறுவும் எண்ணம் உருவாகி வந்தது. உள்நாட்டுப் போர் மூண்டு அதனைக் கெடுத்தது. மறு ஆண்டு ஆலந்து வழியாக ஸ்வீடனுக்குப் புறப்பட்டார். வழியில் மெய்ப்பொருள் அறிஞர் டெக்கார்ட்டைக் கண்டு சில மணி நேரம் உரையாடினார். ஸ்வீடன் நாட்டு முதலமைச்சர் ஆக்சென்ஸ்டியர்னா அவரிடம் பள்ளிப் பாடநூல்களை எழுதித் தருமாறு வேண்டினார். எல்பிங் நகரில் தங்கி ஆறாண்டுகள் அப்பணியில் ஈடுபட்டார். இப்பணிக்கு அவர் இசைந்ததில் ஒரு நோக்கம் இருந்தது. போர் முடியும்போது, வலிமை மிக்க ஸ்வீடன் தம் மக்களுக்குத் தாயகத்தை மீட்டுத்தரும் என அவர் நம்பினார். 1648-இல் அமைதி உடன்படிக்கை கையொப்பமாயிற்று. செக் நாட்டு அகதிகளைப் பற்றி நினைப்பார் எவருமிலர். அதே ஆண்டில் அவருடைய இரண்டாம் மனைவியும் இறந்தார். சிதறிய ஒன்றியத்தின் பேராயராகப் பொறுப்பேற்று, அவர் லெஷ்னோவில் மீண்டும் குடியேறினார்.

1650-இல் ஹங்கேரி நாட்டு ராக்கோசி குடும்பத்துக் கைம்பெண் அரசியார், தம் ஊராகிய ஷாரோஷ்பதக்கில் உள்ள பள்ளியைச் சீர்திருத்தித் தருமாறு கொமீனியஸை அழைத்தார். ஏழு வகுப்புக்கள் கொண்ட பள்ளி ஒன்றை அவர் திட்டமிட்டார். மூன்று வகுப்புக்களையே திறக்க முடிந்தது. சில ஆசிரியர்கள் புதிய முறையை விரும்பவில்லை. பாடத்தை நாடகமாக்கி மாணவரை மேடையேற்ற அவர் முற்பட்டபோதும் எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் நாடகங்கள் நடந்தன. கூச்சம் மிக்க சிறுவரும் தம் பங்கைப் பேசினர். ஊரார் திரண்டுவந்து கண்டனர். இவ்வூரில்தான், இருபது ஆண்டுகள் தம்மைத் தொடர்ந்த குறைக்கு அவர் மருந்து கண்டார். 'ஓர்பிஸ் பிக்டஸ்' என்னும் படநூல் பிறந்தது. 'படத்தில் அமைந்த உலகு' என்பது அப்பெயரின் பொருள்.

அந்நூலின் அமைப்பு எளியது. உலகப் பொருள்களையும் மக்கள் தொழில்களையும் நூற்றைம்பது பாடங்களாக அவர் பகுத்தார். ஒவ்வொரு பாடத்தின் தலையிலும் ஒரு படம். படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கு அருகிலும் ஓர் எண். படத்தின்கீழ் இரு பத்திகள். ஒன்றில் மாணவனின் தாய்மொழி, மற்றொன்றில் இலத்தீன். பாடத்தில் ஒரு பொருளின் பெயர் வந்தவுடன் அதன் எண்ணும் உடன் வரும். மரத்தைப் பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்வோம். வித்தினின்று செடி முளைப்பதும், செடி கன்றாவதும், கன்று மரமாவதும் அதில் கூறப்படுகின்றன. வேர், அடிமரம், கிளை, இலை என உறுப்புக்கள் பின்தொடர்கின்றன. மாணவன் சொல்லைப் படிக்கின்றான், எண்ணைப் பார்க்கின்றான், அவன் விரல் படத்தில் அவ்வெண்ணைத் தேடிச் செல்கின்றது, அங்கே வேர் நிற்கின்றது. பார்த்த விரல் மீண்டும் சொல்லுக்குத் திரும்புகின்றது. இவ்வாறு பொருளும், தாய்மொழிச் சொல்லும், அயல்மொழிச் சொல்லும் ஒரே எண்ணால் முடிச்சிடப்படுகின்றன. தையற்காரன் பாடத்தில் கத்தரிக்கோல், ஊசி, நூல், தேய்ப்புப் பெட்டி ஆகியவற்றையும் இவ்வாறே காணலாம். ஒரு தொழிலின் கருவிகளெல்லாம் ஒரு கட்டத்துள் கூடி நிற்பதால், ஒன்றை நினைத்தவுடன் மற்றவை தாமே நினைவுக்கு வரும். ஹெர்போர்னில் கோடுகளாகக் கண்ட கிளைப்படம் ஷாரோஷ்பதக்கில் உயிர்பெற்று, வேரும் இலையும் விட்டது எனலாம்.

எழுத்து அறியாத குழந்தைக்கும் அந்நூலில் இடம் இருந்தது. முதற்பக்கங்களில் எழுத்துக்கள் ஒவ்வொன்றும் ஓர் உயிரின் ஒலியோடு பொருத்தப்பட்டுள்ளன. 'அ' என்னும் ஒலிக்குக் கரையும் காகம். 'ப' என்பதற்குக் கத்தும் ஆட்டுக்குட்டி. 'ர' என்பதற்கு உறுமும் நாய். 'ஸ' என்பதற்குச் சீறும் பாம்பு. காகத்தின் படத்தைக் கண்ட குழந்தை தானே கரையும். கரைந்த வாயோடு அதன் அருகிலுள்ள எழுத்தைக் கண்டு அதன் ஒலியை அறியும். பிரம்புக்கு அங்கே வேலை இல்லை. பள்ளிக்கு வருமுன்னரே இந்நூலைக் குழந்தைகளிடம் கொடுத்து, படங்களைப் பார்த்து மகிழவிட வேண்டும் என்றும், விரும்பினால் அவற்றைத் தாமே வரைந்து பார்க்கத் தூண்ட வேண்டும் என்றும் முன்னுரையில் அவர் அறிவுறுத்தினார். வரைவதற்கு ஒரு பொருளைக் கூர்ந்து நோக்க வேண்டும். கூர்ந்து நோக்கிய பொருளைப் பற்றி எழுதுவது அரிதன்று.

கண்ணுக்குத் தெரியாதவற்றை எவ்வாறு படமாக்குவது? ஆன்மாவைப் பற்றிய பாடத்திற்கு அவர் கண்ட வழி வியப்பூட்டுவது. மனித உருவம் ஒன்று புள்ளிகளால் மட்டும் அங்கே வரையப்பட்டிருக்கின்றது. உடலுக்குள் இருந்தும் உடல் அல்லாத ஒன்றைச் சிறுவர்க்கு உணர்த்த இதனினும் எளிய படம் அமைவது அரிது. பள்ளிக்கூடத்தைப் பற்றியும் ஒரு பாடம் உண்டு. ஆசிரியர் நாற்காலியில் வீற்றிருக்கின்றார். பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருக்கின்றது. சிலர் எழுதுகின்றனர், சிலர் பாடம் ஒப்பிக்கின்றனர். கவனமின்றிப் பேசுவோருக்குத் தண்டனை உண்டு என்று அப்பாடத்தில் பிரம்பும் இடம் பெற்றுள்ளது. பிரம்பை வெறுத்தவராயினும், தம் காலத்துப் பள்ளியில் இருந்ததை அவர் மறைக்கவில்லை.

நூல் எழுதி முடிந்தது. படம் செதுக்குவார் ஹங்கேரியில் கிடைக்கவில்லை. கையெழுத்துப் படியைச் செருமானிய நாட்டு நியூரெம்பெர்க் நகரில் மிக்கேல் எண்ட்டர் என்னும் பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டு, 1654-இல் கொமீனியஸ் லெஷ்னோவுக்குத் திரும்பினார். பல படங்களை மரக்கட்டையில் ஒவ்வொன்றாகச் செதுக்க வேண்டியிருந்தமையால் ஆண்டுகள் கழிந்தன.

அவ்விடைக்காலத்தில் அவர் வாழ்வில் மிகப் பெரிய பேரிடி விழுந்தது. 1655-இல் ஸ்வீடன் மன்னன் போலந்தின்மேல் படையெடுத்தான். அவனால் தம் மக்களுக்கு விடிவு பிறக்கும் என்று கருதிய கொமீனியஸ் அவனைப் புகழ்ந்து ஒரு நூல் எழுதி வெளியிட்டார். தமக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் புகலிடம் தந்த நாட்டின் பகைவனை வாழ்த்தியது பெரும்பிழையே. தாயகப் பற்று அவர் கண்ணை மறைத்தது. போலந்து மக்கள் சினந்தனர். 1656-இல் லெஷ்னோ நகர் கொளுத்தப்பட்டது. கொமீனியஸ் உயிர் தப்பினார். வீடும் நூல்களும் கையெழுத்துப் படிகளும் எரிந்தன. ஹெர்போர்னில் இருபது வயதில் தொடங்கி, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல் சொல்லாகத் திரட்டிய செக் மொழி அகராதியும் சாம்பலாயிற்று. தம் உயிர் உள்ளளவும் அவ்விழப்பிற்காக அவர் வருந்தினார். அறுபத்து நான்கு வயதில், உடுத்த உடையோடு அவர் மீண்டும் அகதியானார்.

முன்னர் அவரை ஆதரித்த தெ கேர் குடும்பத்தார் ஆம்ஸ்டர்டாமில் அவருக்கு வீடும் பொருளும் உதவினர். 1657-இல் அவருடைய கல்வி நூல்களெல்லாம் ஒரு பெருந்தொகுதியாக அங்கே அச்சாயின. 1658-இல் நியூரெம்பெர்க்கிலிருந்து 'ஓர்பிஸ் பிக்டஸ்' இலத்தீனும் செருமானியமும் தாங்கி வெளிவந்தது. நெருப்புக்குத் தப்பிய குழந்தை அது. தந்தையோடு லெஷ்னோவில் இருந்திருப்பின் அதுவும் எரிந்திருக்கும்.

அடுத்த ஆண்டிலேயே சார்ல்ஸ் ஹூல் என்னும் ஆசிரியர் அதனை ஆங்கிலத்தில் ஆக்கினார். 1666-இல் இத்தாலியமும் பிரெஞ்சும் சேர்ந்து நான்கு மொழிப் பதிப்பு வந்தது. படங்கள் சிறியவை, சில இடங்களில் எண்ணைத் தேடிக் காண்பது கண்ணுக்கு வருத்தம் தரும், குழந்தைகளுக்கு ஒவ்வாத அரிய பாடங்களும் இடையிடையே உண்டு. இருப்பினும் நூற்றாண்டு கடந்தும் அந்நூல் பள்ளிகளிலும் இல்லங்களிலும் புரட்டப்பட்டது. செருமானியக் கவிஞர் கதே தம் பிள்ளைப் பருவத்தில் கையாண்ட நூல்களுள் அதுவும் ஒன்று. 1810-இல் நியூயார்க்கிலும் அது அச்சாயிற்று.

முதுமையில் கொமீனியஸ் சில போலித் தீர்க்கதரிசிகளின் வாக்கை நம்பி, அவற்றைத் தொகுத்து வெளியிட்டுப் பலருடைய ஏளனத்திற்கு ஆளானார். தாயகம் மீளும் என்று சொன்னவர் எவராயினும் அவரை நம்ப அவர் நெஞ்சம் ஏங்கிற்று. மக்கட் குலத்தின் கல்வி, சமயம், அரசியல் அனைத்தையும் சீர்திருத்த அவர் எழுதி வந்த பெருநூல் முடிவு பெறவில்லை. அதன் கையெழுத்துப் படி நெடுங்காலம் மறைந்து கிடந்து, 1930-களில் செருமனியின் ஹாலே நகரில் கண்டெடுக்கப்பட்டு, 1966-இல் பிராகில் முழுமையாக அச்சேறியது.

1670-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமில் கொமீனியஸ் உயிர் நீத்தார். அருகிலுள்ள நார்டன் என்னும் சிற்றூரில் அவருடல் அடக்கம் செய்யப்பட்டது.

பிற நாட்டுச் சிறுவர் பலர் தத்தம் தாய்மொழியில் படித்து மகிழ்ந்த அவருடைய படநூல், அவர் வாழ்நாளில் செக் மொழியில் வெளிவரவில்லை. 1685-இல், அந்நாளில் ஹங்கேரியைச் சேர்ந்ததும் இந்நாளில் ஸ்லோவாக்கியாவைச் சேர்ந்ததுமான லெவோச்சா நகரில், 'ஓர்பிஸ் பிக்டஸ்' நூலின் புதிய பதிப்பு ஒன்று அச்சாயிற்று. பக்கத்திற்கு நான்கு மொழிகள்: இலத்தீன், செருமானியம், ஹங்கேரியம், அவற்றின் அருகே செக். ஆசிரியர் நார்டன் மண்ணில் உறங்கத் தொடங்கி அப்போது பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.